எழுதினால் வரையும் படம்

வீடு கட்ட பிளான் போடுவது போல கம்ப்யூட்டர் மென்பொருளுக்கும் வரைபடம் உண்டு. எந்தப் பகுதி எந்தப் பகுதியிடம் என்ன கேட்கிறது, எது முதலில், எது பிறகு என்று கட்டமும் அம்புக்குறியுமாகப் போடுவார்கள். என் சர்வீஸில் கணிசமான காலம் இந்தக் கட்டங்களோடுதான் போயிற்று.

எண்பதுகளில் கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்சில் இருக்கும். முடிவெடுக்கும் இடத்துக்கு வைர வடிவம், தகவல் உள்ளே வரும், வெளியே போகும் இடத்துக்குச் சாய்ந்த கட்டம். பென்சிலில் போட்டு, டிரேசிங் தாளில் ராட்ரிங் பேனாவால் மை ஏற்றி, அம்மோனியா பிரிண்ட் எடுப்போம். அந்த நெடி இன்னும் மூக்கில் இருக்கிறது. கோடு பிசகினால் பிளேடால் சுரண்டலாம். நடுவில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டுமென்றால் புதுத்தாள்தான். பிறகு மவுஸால் வரையும் விசியோ போன்றவை வந்தன. மை போயிற்றே தவிர தொல்லை போகவில்லை. ஒரு கட்டத்தை நகர்த்தினால் பத்துக் கோடுகள் பின்னிக்கொள்ளும்.

அதனால் என்ன ஆகும்? புரோகிராமை மாற்றுவார்கள், படத்தை மாற்ற மாட்டார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு வருடக் கணக்கு முடிக்கும் இரவு. வட்டி கணக்கிடும் புரோகிராம் முதலில், திருத்தப் பதிவுகள் பிறகு என்று ஃபைலில் இருந்த படம் சொன்னது. புதிதாக வந்த பையன் அதை நம்பி அப்படியே ஓட்டினான். ஆனால் அந்த வரிசை மாறி நான்கு வருடம் ஆகியிருந்தது. படம் போட்டவர் மாற்றலாகிப் போய்விட்டார். விடிய விடிய எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினோம். காலையில் திட்டு வாங்கியதும் அந்தப் பையன்தான். படமே இல்லாதிருந்தால் அவன் யாரையாவது கேட்டிருப்பான் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது.

ஓய்வுக்குப் பிறகு கொஞ்ச காலம் ஒரு சிறு கம்பெனிக்கு ஆலோசனை சொல்லப் போனேன். அங்கே ஒரு இளைஞர் வரி வரியாக டைப் அடித்துக்கொண்டிருந்தார். "என்னப்பா, படம் போடச் சொன்னா கட்டுரை எழுதறே?" என்றேன். "எழுதினா அதுவே வரைஞ்சிடும் சார்" என்றார். பிளான்ட்யுஎம்எல் என்று ஒரு மென்பொருள். 2009இல் வந்தது. நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தையே வைத்து நான் போட்டுப் பார்த்த படம் இது:

"ஓய்வூதியர்" -> "வங்கி" : உயிர்வாழ் சான்று
"வங்கி" -> "கணினி" : பதிவு செய்
"கணினி" --> "வங்கி" : பதிவாயிற்று
"வங்கி" --> "ஓய்வூதியர்" : ரசீது

தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு குறிச்சொல், அவ்வளவுதான். மூன்று பேரையும் மேலே வரிசையாக நிறுத்தி, அம்புகளை மேலிருந்து கீழாக அதுவே போட்டுவிடும். ஒற்றைக் கோடு போட்டால் முழுக்கோடு, இரட்டைக் கோடு போட்டால் புள்ளிக்கோடு. அதாவது, பதில்.

எண்ணம் ஒன்றும் புதிதல்ல. பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகன் எண்பதுகளின் தொடக்கத்திலேயே பிக் என்று இப்படி ஒரு மொழி எழுதிவிட்டார். நாம் இங்கே பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்த அதே காலம்! 2014இல் மெர்மெய்டு என்று இன்னொன்று வந்தது. அதில் எழுதியதை 2022 முதல் கிட்ஹப் தளம் நேராகவே படமாகக் காட்டுகிறது.

என்னைக் கவர்ந்தது வேகம் அல்ல. படம் இப்போது வெறும் எழுத்து என்பதால் புரோகிராமின் பக்கத்திலேயே அதே பெட்டியில் கிடக்கிறது. ஒரு வரியை மாற்றினால் யார் மாற்றினார், என்றைக்கு, முன்னே என்ன இருந்தது என்பதெல்லாம் பதிவில் நிற்கிறது. அந்த இரவில் எங்களிடம் இது இருந்திருந்தால், வரிசையை மாற்றியவரே இரண்டு வரிகளை மேலும் கீழுமாக இடம் மாற்றிவிட்டுப் போயிருப்பார். ஒரு நிமிட வேலை.

குறையும் உண்டு. எந்தக் கட்டம் எங்கே என்பதைப் பெரும்பாலும் மெஷின்தான் முடிவு செய்கிறது. நாற்பது கட்டம் கொடுத்தால் பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரி ஒன்றைத் தரும். எங்கள் பழைய டிராஃப்ட்ஸ்மேன் முக்கியமான கட்டத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் காற்றோட்டமாக இடம் விடுவார். அந்தக் கண் இதற்கு இல்லை. மேலே காட்டிய மாதிரி, யார் யாரிடம் எப்போது என்ற வகைப் படத்துக்குத்தான் இது கச்சிதம். அதில் வரிசையே படம்.

போன மாதம் அதே முறையில் இன்னொன்று எழுதினேன். எனக்குப் பின் குடும்ப ஓய்வூதியத்துக்கு என் மனைவி என்னென்ன செய்ய வேண்டும் என்று: வங்கியிடம் இறப்புச் சான்று, பி.பி.ஓ. நகல், ஆதார். மொத்தம் ஏழு அம்புகள். அச்சடித்துக் கொடுத்தேன். "நல்ல நாளும் அதுவுமா எழுத வேற விஷயமே கிடைக்கலையா?" என்று தூக்கிப் போட்டாள். சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளே எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நான் முதல்ல பையனுக்குத்தான் போன் பண்ணுவேன். பேங்குக்கு எல்லாம் அவன் வந்தப்புறம்தான்."

உள்ளே போய் முதல் வரிக்கு மேலே அதைச் சேர்த்தேன். மற்ற ஏழும் தாமாகக் கீழே இறங்கிக்கொண்டன.