உடையும் முன் மாற்றுகிறவர்கள்

ஜாகுவார் எக்ஸ்ஜே8 காரின் என்ஜின் எண், படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று இரண்டிரண்டாகப் பத்து இலக்கங்கள். நான் பார்த்த காரின் எண் 9806 என்று தொடங்கி 1425 என்று முடிந்தது. 1998 ஜூனில் ஒரு பிற்பகல் 2.25 மணிக்கு, வேல்ஸ் நாட்டு பிரிட்ஜெண்டில் இருந்த ஃபோர்டு ஆலையில் உருவான என்ஜின். கவென்ட்ரி நகரின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய பட்டறையில், பானெட்டைத் தூக்கியதும் மூத்த மெக்கானிக் முதலில் தேடியது இந்த எண்ணைத்தான்.

“2001 ஆகஸ்டுக்கு முந்தியது. இடையில் யாரும் மாற்றியிருக்காவிட்டால் உள்ளே பிளாஸ்டிக்தான்” என்றார்.

அவர் சொன்னது டைமிங் செயின் டென்ஷனரை. இந்த 4 லிட்டர் வி8 என்ஜின் 1996-ல் எக்ஸ்கே8 காரில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டு எக்ஸ்ஜே8-க்கு வந்தது. 32 வால்வு, 290 குதிரைத்திறன். இரண்டு வரிசை சிலிண்டர்கள். ஒவ்வொரு வரிசையின் தலையிலும் இரண்டு கேம் ஷாஃப்ட். கிராங்கிலிருந்து வரும் நீளமான முதன்மைச் செயின் இன்டேக் கேமைச் சுழற்றும். அங்கிருந்து ஒரு குட்டைச் செயின் எக்ஸாஸ்ட் கேமைச் சுழற்றும். அந்தக் குட்டைச் செயினுக்கு நடுவே உட்கார்ந்து, ஆயில் அழுத்தத்தின் உதவியால் அதைத் தொய்யவிடாமல் பிடித்திருப்பதுதான் இரண்டாம் நிலை டென்ஷனர். கைக்குள் அடங்கும் பொருள். ஆண்டுக்கணக்காகச் சூடேறி ஆறிய பிளாஸ்டிக் உடல் ஒருநாள் விரிசல் விடும். செயின் உரசி ஓடும் முகம் பெயர்ந்து விழும். தொய்ந்த செயின் பல்லைத் தாண்டினால், திறந்து நிற்கும் வால்வும் மேலேறி வரும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். வால்வுகள் வளைந்துவிடும், பல கார்களுக்கு அத்தோடு ஆயுள் முடிந்தது.

குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் கலகலவென்று ஒரு சத்தம் கேட்கும் என்பார்கள். கேட்டால் நல்லது. ஒரு சத்தமும் இல்லாமல் உடைந்ததும் உண்டு. அதனால் இங்கே காதை நம்பி இருப்பதில்லை, திறந்து கண்ணால் பார்க்கிறார்கள்.

திறக்கிற வேலை பட்டறையில் இருந்த ஒரு பெண்ணுடையது. பயிற்சி முடிக்கப்போகிறவர். பேட்டரி இணைப்பைக் கழற்றி, காற்றுக் குழாயை எடுத்து, எட்டு இக்னிஷன் காயில்களையும் வந்த வரிசையிலேயே துணியில் அடுக்கினார். ஸ்பார்க் பிளக் எட்டும் வெளியே வந்தன. கேம் கவரைத் தூக்குவதற்கு முன்பே சுற்றிலும் தூசியைத் துடைத்தார். கவர் வந்ததும் மூவரும் குனிந்து பார்த்தோம். ஆயிலில் ஊறிப் பழுப்பேறிய பிளாஸ்டிக். மூத்தவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். போல்ட் துளையின் பக்கத்திலிருந்து முடி போல ஒரு கோடு ஓடியது. காரின் உரிமையாளர் அன்று காலை இதையேதான் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் போயிருந்தார்.

உடனே ஸ்பேனரை எடுப்பார்கள் என்று நினைத்தேன். முதலில் எடுத்தது சுத்தமான துணிகளை. செயின் இறங்கும் வாயின் இடுக்கெல்லாம் துணியைத் திணித்து அடைத்தார் அந்தப் பெண். ஒரு சின்ன போல்ட் கை நழுவி உள்ளே போனால், அதைத் தேடி என்ஜினின் முன்மூடியையே கழற்ற வேண்டிவரும். கழற்றிய ஒவ்வொன்றையும் தட்டில் வைக்கும்போது வாய்விட்டு எண்ணினார். பழைய டென்ஷனர் வந்ததும் அதை வெள்ளைத் தாளில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மற்ற வரிசையில் இருந்தது இரண்டு துண்டாக வந்தது. துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, ஓரத்தில் நகக்கண் அளவு குறைகிறது என்று கண்டுபிடித்து, காந்தம் அதை இழுக்காது என்பதால் கேமராக் குழாயை உள்ளே விட்டுத் துழாவி, கடைசியில் நீள இடுக்கியால் எடுத்தார்கள். அது கிடைக்கும்வரை அடுத்த வேலையைத் தொடவில்லை. பொறுமை என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது இதை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு என்ஜினை மூட மாட்டோம் என்கிற பிடிவாதம் அது. நான் மதிக்கிற குணம்.

கவென்ட்ரிக்கும் செயினுக்கும் உறவு பழையது. உருளைச் செயினை 1880-ல் மான்செஸ்டரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். செயினைப் பின்சக்கரத்தில் பூட்டி உலகத்தையே சைக்கிளில் ஏற்றிவிட்ட ரோவர் சேஃப்டி சைக்கிள் 1885-ல் இந்த ஊரில்தான் பிறந்தது. 1907-ல் கவென்ட்ரி செயின் கம்பெனி தொடங்கியது. 1930-ல் ரெனால்டின் நிறுவனத்தோடு இணைந்தது. இந்த எக்ஸ்ஜே8 பூட்டப்பட்ட பிரவுன்ஸ் லேன் ஆலையும் இந்த ஊரில்தான் இருந்தது. அங்கே கார் தயாரிப்பு 2005-ல் நின்றது. மூத்தவர் அதுவரை அங்கே வேலை பார்த்தவர். “நாங்கள் மூடிய பானெட்டை இப்போது நானே திறக்கிறேன்” என்றார்.

பிளாஸ்டிக்கை ஏன் வைத்தார்கள் என்று கேட்டேன். எடை குறைவு, அச்சில் வார்ப்பது எளிது என்று காரணம் சொன்னார். அது எனக்குப் போதவில்லை. ரப்பர் பெல்ட் என்றால் இத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்று என்று கையேடு சொல்லும். செயினுக்கு அப்படிக் கெடு கிடையாது, என்ஜின் இருக்கும்வரை இருக்கும் என்பதுதான் எண்ணம். ஆயுள் முழுக்க உழைக்க வேண்டிய செயினை, ஆயுள் முழுக்கத் தாங்காத ஒன்றின் மேல் சாய்த்தது வடிவமைப்பின் பிழை என்றே நினைக்கிறேன். பின்னால் வந்த மூன்றாம் தலைமுறை டென்ஷனருக்கு உலோக உடல். விடை ஆலையிலிருந்தே வந்தது. அதற்குள் சாலைக்குப் போய்விட்ட கார்களின் பொறுப்பு இப்படிப்பட்ட பட்டறைகளின் தலையில் விழுந்தது.

புதியதைப் பொருத்துவது நுணுக்கமான கட்டம். கேம் ஷாஃப்ட்களின் முன்பக்கத்தில் தட்டையாகச் செதுக்கிய பகுதிகள் உண்டு. அவை இரண்டும் மேல்நோக்கி வரும்வரை கிராங்கைச் சுழற்றி, குறுக்கே ஒரு பூட்டுக் கருவியை வைத்து இறுக்குகிறார்கள். கிராங்கும் அசையாதபடி அடியில் ஒரு முளை. எக்ஸாஸ்ட் கேமின் பல்சக்கரத்துக்குச் சாவி இல்லை, வெட்டுக்குழி இல்லை. நடு போல்ட்டின் இறுக்கம் ஒன்றே அதைக் கேமோடு பிடித்து வைத்திருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தினால் சக்கரம் தன்பாட்டுக்குச் சுழலும். அதனால் டென்ஷனரை வைத்து, அதன் ஊசியை உருவிய பிறகு, ஒருவர் கருவியால் சக்கரத்தைத் திருப்பிச் செயினின் தொய்வை முழுதும் வாங்கிப் பிடிக்க, மற்றவர் போல்ட்டை முறுக்க வேண்டும். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிடித்திருந்தவர் தலையசைத்ததும் மற்றவர் முறுக்கினார்.

டென்ஷனரின் சின்ன போல்ட்டுகளுக்கு ஏறக்குறைய 12 நியூட்டன் மீட்டர் போதும். அதே என்ஜினின் கிராங்க் புல்லி போல்ட்டுக்கு 375 வேண்டும். இரண்டையும் ஒரே கை செய்கிறது.

பூட்டுகளை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றினார்கள். மறுபடி கருவியை வைத்தபோது தட்டைப் பகுதிகளில் அது இடைவெளியின்றி உட்கார்ந்தது. தலையும் முன்மூடியும் சேரும் இடத்தில் மட்டும் சீலன்ட்டைத் தடவி, புது கேஸ்கெட்டோடு கவரை மூடினார்கள். பெட்ரோல் போகாமல் தடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றி, டென்ஷனருக்குள் ஆயில் ஏறும்வரை காத்திருந்தார்கள். அதன் பிறகே ஸ்டார்ட். அந்தப் பெண் பானெட்டுக்குள் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் சீராக இருந்தது.

இந்த வயதுக் கார்களின் விலை இறங்கிவிட்டது. இப்படி ஒரு வேலைக்கு ஆகும் கூலி அந்த விலையில் சிறிய பங்கு அல்ல. ஓடுகிற காருக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்குத் தருவதற்காகப் பழைய டென்ஷனர்களை உறையில் போட்டு வைக்கிறார்கள். மாலையில் வந்த உரிமையாளர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்காமல் பணம் கட்டினார். கையேடு 10,000 மைல் என்று சொன்னாலும் 5,000 மைலுக்கே ஆயிலை மாற்றிவிடுங்கள் என்றார் மூத்தவர். முதன்மைச் செயின்களை இன்று தொடவில்லை, அதற்கு முன்மூடியைக் கழற்ற வேண்டும், அடுத்த குளிர்காலத்துக்கு முன்பு கொண்டுவாருங்கள் என்றும் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அந்தப் பெண் நாட்காட்டியில் அக்டோபர் பக்கத்தைப் புரட்டி அந்தக் காருக்கு ஒரு தேதி குறித்தார்.