ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்தினோம்

தெல்தெனியாவிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏறும் தோட்டப் பாதையில் ஒரு கல் இருக்கிறது. மழைக்கு மண் அரிபட அரிபட, வருடா வருடம் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டிப் பக்கத்தை உலுக்கிவிட்டுப் போனபின் அந்த இடத்தில் பாதி மண்ணே இல்லை. ஜீப் அதைத் தாண்டும்போது அடியில் 'டங்' என்று சத்தம் வரும். பின்னால் இருக்கும் அம்மாமார் "முருகா!" என்பார்கள். எனக்கு வயிறு கலங்கும். அந்த ஜீப்தான் எங்கள் வீட்டு அரிசி.

அது என் அண்ணாவின் வண்டி. அவர் இருந்தபோது எனக்கு ஓட்டப் பழக்கினார். இப்போது மேல் லயங்களின் மரக்கறியைத் தெல்தெனியாவுக்கு இறக்குகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும் ஏற்றுகிறேன். சில சனி ஞாயிறுகளில் மீமுரே பார்க்க வருகிறவர்களை ஹுன்னஸ்கிரியவில் ஏற்றிக்கொண்டு போவதும் உண்டு.

பழைய மிற்சுபிஷி ஜீப் அது. அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை உரிமம் வாங்கி ஜப்பானில் 1953 முதல் 1998 வரை செய்தார்கள். இங்கே எஞ்சினின் பெயரையே வண்டிக்கும் வைத்து 4டீஆர்5 என்கிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழிவிட்டார்கள். வழிவிட்டாலும் வரியோடு சேர்த்து அந்த விலை நமக்கு எட்டுமா? இருப்பதைத் திருத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாலு சில்லுக்கும் வில்லுப் போல வளைந்த இரும்புத் தகடுகள், லீஃப் ஸ்பிரிங். அத்தனை வருடப் பாரத்தில் அந்த வளைவு போய்த் தகடுகள் தட்டையாகிவிட்டன. ஸ்பிரிங்கை உயர்த்துகிற சாமான் செற் ஒன்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருக்கிறது என்று மகன் கண்டுபிடித்தான். கட்டுகஸ்தோட்டையில் எங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸிடம் பூட்டுகூலி கேட்டோம். நியாயமான கூலிதான், ஆனால் எங்கள் கையில் இல்லை. அவரே சொன்னார், "நங்கி, வீட்டிலேயே செய்யலாம். அவசரப்படாதே. சந்தேகம் வந்தால் போன் எடு."

மகனுக்கு நாலு அங்குலம் உயர்த்த ஆசை. "பார்க்க எடுப்பாக இருக்குமம்மா" என்றான். நான் நினைத்தது வேறு. ஏழு மாதக் கர்ப்பிணி அந்த உயரத்துக்கு எப்படிக் காலைத் தூக்கி வைப்பாள்? வண்டியின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே ஏறக்குறைய 6 அடி 8 அங்குலம்தான். இந்தக் கட்டை வண்டியை உயர்த்த உயர்த்த அதன் பாரமும் மேலே போகும், வளைவில் சாய்வதும் கூடும். எஞ்சின் பக்கமிருந்து சில்லைச் சுழற்றும் தண்டும் கட்டையானது. சாய்வு கூடினால் அதன் மூட்டுகள் அதிரத் தொடங்கும், சீக்கிரம் தேயும். பாஸ் இரண்டு அங்குலத்துக்கு மேலே வேண்டாம் என்றார். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

பிறகு அவனே அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஒன்று சொன்னான். கல் உரசிய புதுத் தழும்பு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், மற்றது பின் அச்சிலுள்ள உருண்டைப் பெட்டியில். "அம்மா, ஸ்பிரிங்கை உயர்த்தினால் சட்டம்தான் உயரும். அச்சு சில்லோடு நிற்கிறதே, அது எப்படி உயரும்?" பாஸிடம் கேட்டோம். பிள்ளை சொல்வது சரி என்றார். அச்சு உயர வேண்டுமானால் பெரிய ரயர் போட வேண்டும். அதற்குக் காசில்லை. இந்த விஷயம் தெரியாமல் செலவழித்துவிட்டுப் பிறகு ஏமாந்தேன் என்பவர்கள் நிறையப் பேர் என்று நினைக்கிறேன்.

சாமான் வந்தது. ஸ்பிரிங் ஒவ்வொன்றுக்கும் மேலதிகமாக ஒரு தகடு, ஸ்பிரிங்கின் ஒரு நுனியைச் சட்டத்தில் தொங்கவிடும் ஷெக்கிள் கொஞ்சம் நீளமானது, நீளமான சொக் நாலு, யூ போல்ட் எட்டு. ஷெக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் உயரும், ஏனென்றால் மற்ற நுனி அசையாமல் இருக்கிறது. மிச்ச ஒரு அங்குலம் புதுத் தகட்டால். ஷெக்கிளை மட்டும் நீட்டி முழுதையும் எடுக்கலாமே என்றால், முன் அச்சின் சாய்வு மாறி ஸ்டியரிங் அலையுமாம். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது, ஒருமுறை இறுக்கி இழுபட்ட இரும்பு அது.

முதல் நாள் இரவே துருப்பிடித்த நட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டு வைத்தோம். காலையில் முன் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜக்கால் தூக்கினோம். மகன் சீமெந்துக் கல்லை அடுக்கப் போனான். நான் விடவில்லை. சீமெந்துக் கல் சொல்லாமல் வெடிக்கும். பாஸிடம் இரவல் வாங்கிய இரும்பு ஸ்டாண்டுகளைச் சட்டத்துக்குக் கீழே வைத்தபிறகுதான் அடியில் போக விட்டேன். ஜக் தூக்கத்தான், தாங்குவதற்கு இல்லை.

ஆனால் என் முறை வந்தபோது எனக்குப் போக முடியவில்லை.

1977 கலவரத்துக்குப் பிறகு இந்த மலையை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன குடும்பம் எங்களது. அங்கேதான் நான் பிறந்தேன், கலியாணம் முடித்தேன். 2009இல் புதுமாத்தளனில் பங்கருக்குள், சேலையில் தைத்த மண்மூட்டைக்குக் கீழே, கைக்குழந்தையான இவனை நெஞ்சில் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்திருக்கிறேன். முகத்துக்கு ஒரு முழத்துக்கு மேலே மரக்குற்றி. ஒவ்வொரு அதிர்வுக்கும் கண்ணில் மண் கொட்டும். இவனுடைய அப்பாவை அந்த மாதத்துக்குப் பிறகு நாங்கள் காணவில்லை. ஜீப்பின் அடியில் தலையை வைத்து மேலே பார்த்ததும் துருத்தூள் கண்ணில் விழுந்தது. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டேன். கை நடுங்கியது.

மகன் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டாண்டைக் காலால் உதைத்துக் காட்டினான், அசையவில்லை. பிறகு என் காலடியில் வந்து உட்கார்ந்து, என் பாதத்தில் கையை வைத்துக்கொண்டான். "போங்கோம்மா, நான் வெளியில இருக்கிறன்" என்றான். போனேன். நட்டை எண்ணிக்கொண்டே கழற்றினேன். ஒரு ஸ்பிரிங்குக்கு நாலு. நாலாவது கழன்றபோது மூச்சு சீராகிவிட்டது. இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு இது விளங்கும், மேலே எழுதத் தேவையில்லை.

தகடுக் கட்டைப் பிரிக்கும்போது நடுப் போல்ட்டை அப்படியே கழற்றக் கூடாது. தகடுகள் அழுந்திக் கிடக்கின்றன, துள்ளிக் கையைப் பதம் பார்க்கும். பக்கத்தில் இறுக்குப்பிடி போட்டு, மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். அதைச் சரியாகச் செய்தோம். பிழைவிட்டது வேறிடத்தில். வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதே ஷெக்கிள் போல்ட்டுகளை முழுப் பலத்தோடு இறுக்கிவிட்டோம். பாஸ் போனில் சத்தம் போட்டார். உள்ளே றப்பர் புஷ் இருக்கிறது, தொங்குகிற நிலையில் இறுக்கினால் வண்டி கீழே இறங்கியதும் அது முறுகிக் கிழியும். எல்லாவற்றையும் தளர்த்தி, சில்லைப் பூட்டி, தரையில் இறக்கி, வண்டியை இரண்டு மூன்று தரம் அமுக்கி ஆட்டிய பிறகு மறுபடி இறுக்கினோம். அரை நாள் போனது.

அடுத்தது பிறேக் ஹோஸ். முன் சில்லைத் தொங்கவிட்டுப் பார்த்தால் ஹோஸ் கம்பி போல விறைத்து நின்றது. பள்ளத்தில் ஒருமுறை சில்லு இறங்கினால் அறுந்திருக்கும். மலைப்பாதையில் பிறேக் இல்லாமல் எட்டுப் பேர்! நீளமான ஹோஸ் கண்டியிலிருந்து வரும்வரை நாலு நாள் வண்டி ஓடவில்லை. மேல் லயத்துக் கறிமிளகாயை ஆட்கள் தலையில் சுமந்து இறக்கினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஓட்டவில்லை. ஹோஸ் பூட்டி, எண்ணெய்க் குழாயில் காற்றை எடுத்து, பிறேக் மிதி கல்லைப் போல நின்ற பிறகுதான் வண்டியை முற்றத்தை விட்டு எடுத்தேன்.

அன்று இரவு விளக்கைப் போட்டால் வெளிச்சம் கருப்பந்தைல மரத்து உச்சியில் அடித்தது. அதையும் கீழே இறக்கினோம்.

அந்தக் கல்லில் குறுக்குச் சட்டம் இப்போது தட்டுவதில்லை. அச்சின் பெட்டிக்கு வேறு வழி. கல்லை நடுவில் விட்டு ஓட்டாமல், ஒரு சில்லைக் கல்லின் மேலேயே ஏற்றிப் போகிறேன். சில்லு ஏறினால் அச்சும் அந்தப் பக்கம் சேர்ந்து ஏறுகிறதே. ஏறுவதற்குப் பின்னால் ஒரு இரும்புப் படியும் ஒட்டுவித்தோம், அம்மாமாருக்காக.

100 கிலோமீற்றர் ஓடிய பிறகு யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும் என்று பாஸ் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பானரோடு நானே முதலில் அடியில் போனேன். பதினாறு நட்டில் பதினொன்று அசையவில்லை. ஐந்து கால் சுற்று இறங்கின.