அலகில் யார் பெயர்?

ஷெஃபீல்டில் நான் தேடிப் போன பட்டறை ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே கார் ரிப்பேர் ஷெட். மரப்படி ஏறும்போதே மயிர் கருகும் வாடை மூக்கைத் தாக்கியது. கொம்பைச் சாணையில் கொடுத்தால் அப்படித்தான் வரும். அங்கே வேலை செய்கிறவருக்கு அது தெரிவதே இல்லையாம். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனால்தான் ஞாபகம் வரும் என்றார்.

அறுபதைத் தாண்டிய மனிதர், பதினாறு வயதில் தொழிலுக்கு வந்தவர். "என் பெயரை எழுதிடாதீங்க. இருக்கிற ஆர்டரை முடிக்கவே காலம் பத்தாது" என்பதுதான் அவர் முதலில் சொன்னது. அதனால் இங்கே அவருக்குப் பெயர் இல்லை.

நான் மடக்குக்கத்தி சேர்ப்பவன். ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கிவிடும் சேகரிப்பு. மான்செஸ்டரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, குன்றுகளைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் ஷெஃபீல்டு என்று தெரிந்தது. அதன்பிறகு பேரனோடு பார்க்கில் உட்கார்ந்திருக்க மனம் ஒப்பவில்லை. கடிதம் எழுதி, வரலாம் என்று பதில் வந்ததும் கிளம்பிவிட்டேன்.

அவர் செய்வது பழைய பாணி மடக்குக்கத்தி. பூட்டு கிடையாது, பட்டன் கிடையாது. பிடியின் முதுகில் ஓடும் ஒரு எஃகு ஸ்பிரிங் அலகின் அடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த எளிமையால் ஒரு லாபமும் உண்டு. வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மிகாமல், பூட்டும் இல்லாமல் இருந்தால், அந்த மடக்குக்கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டு திரியலாம் என்று 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் இங்கிலாந்தில் இடம் விட்டிருக்கிறது. கத்தி என்றாலே போலீஸ் முறைக்கிற நாட்டில் இந்தப் பழைய பாணி பிழைத்துக் கிடப்பதற்கு அந்தச் சலுகையும் ஒரு காரணம்.

ஜன்னலோரம் வேலைப்பலகை. வைஸ் ஸ்பிரிங் ஒன்றைக் கவ்வியிருந்தது. பித்தளைத் தகடு இரண்டு, அவற்றுக்கு நடுவே ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் முனையில் அலகு. நிரந்தர ஆணிக்குப் பதிலாகத் தற்காலிகக் கம்பியைச் செருகி எல்லாவற்றையும் சேர்த்தார். அலகைத் திறந்தார், பாதி மடக்கினார், முழுதும் மூடினார். ஒவ்வொரு நிலையிலும் கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் ஓடவிட்டார். பிறகு கம்பியை உருவி, எல்லாவற்றையும் பிரித்து, அலகின் அடிப்பகுதியில் அரத்தால் இரண்டே இழுப்பு. மறுபடி கம்பி, மறுபடி கட்டைவிரல்.

"நீங்க தொட்டுப் பாருங்க" என்று நீட்டினார். திறந்த நிலையில் வழுவழு. மூடியபோதும் வழுவழு. பாதி மடக்கியபோது மட்டும் ஸ்பிரிங் பித்தளைக்கு மேல் ஒரு தலைமயிர் அளவு எழும்பி விரலில் தட்டியது. மூன்று நிலையிலும் முதுகு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். எழும்பி நின்றால் அலகின் அந்தப் பக்கத்தைத் தேய்த்து இறக்கலாம். ஒரு இழுப்பு அதிகமாகிப் பள்ளம் விழுந்துவிட்டால் திரும்ப ஏற்ற வழியில்லை, மொத்த முதுகையும் அந்த மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். சந்தையில் கிடைக்கும் மலிவான கத்திகளில் இந்த வேலையைச் செய்வதே இல்லை. வாங்குகிறவர் பாதி மடக்கிய கத்தியின் முதுகைத் தடவிப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியம்தான்.

இரண்டு அலகு வைத்த கத்தி என்றால் இன்னொரு வேலை சேர்ந்துகொள்ளும். குறுகிய இடத்தில் இரண்டும் உரசாமல் படுக்க வேண்டும். அதற்காக ஒவ்வோர் அலகையும் அடியில் சுத்தியலால் தட்டி, ஒன்றுக்கொன்று ஒதுங்கிப் போகும்படி லேசாக வளைப்பார்கள். வெட்டும் பகுதி கெட்டிப்பட்ட எஃகு, வளையாது, உடைந்துவிடும். அடிப்பகுதியைக் கொஞ்சம் இளக்கமாக விட்டுவைப்பது இதற்காகத்தான். எத்தனை தட்டு தட்டுவீர்கள் என்று கேட்டேன். "சத்தம் மாறுறவரைக்கும்" என்றார். அதற்குமேல் அவரால் விளக்க முடியவில்லை, எனக்கும் புரியவில்லை.

முடிந்த கத்தி ஒன்றை எடுத்து மூடிக் காட்டினார். 'டக்'. சேகரிப்பவர்கள் இந்த ஓசைக்காகச் சொத்தை எழுதித் தருவார்கள். அலகின் அடியில் பொடி எழுத்தில் அவர் பெயர், அதற்குக் கீழே ஊர்ப் பெயர்.

"இது முழுக்க நீங்க செஞ்சதுதானே?" என்று கேட்டேன்.

சிரித்தார். அலகை வார்ப்புரு வைத்து வெட்டிக் கொடுப்பது ஒரு பட்டறை. சூளையில் வைத்துப் பதம் ஏற்றுவது இன்னொரு இடம். மற்றதெல்லாம் இவர். "இந்த ஊர்ல தனியாளா யாரும் எப்பவும் கத்தி செஞ்சதில்ல. அப்படிச் சொல்றவங்க அமெரிக்காவுலதான் இருக்காங்க."

அவர் சொன்னது வரலாற்றோடு ஒத்துப்போகிறது. ஷெஃபீல்டில் கத்தி வேலை மூன்று தனித் தொழில்களாக இருந்தது: இரும்படித்து அலகு செய்பவர், சாணை பிடிப்பவர், எல்லாவற்றையும் பொருத்திப் பிடி போடுபவர். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்க மாட்டார். சொந்தமாக ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுத்த இந்தச் சிறு எஜமானர்களால்தான் ஊரே பிழைத்தது. முற்றத்தைச் சுற்றி அறை அறையாகக் கட்டிய அந்தக் கால வளாகங்களில் ஒன்றான போர்ட்லாண்டு வொர்க்ஸைப் பட்டறைகளாகவே காப்பாற்ற, ஊர்மக்களே பங்கு போட்டு வாங்கி நடத்துகிறார்கள்.

இந்த மூவரில் சாணைக்காரர் கதைதான் கொடுமை. போர்ட்டர் ஓடைக்கரையில் ஷெப்பர்ட் வீல் என்று ஒரு பழைய சாணைக்கூடத்தை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நீர்ச்சக்கரம் வெளியே, மணற்கல் சாணைகள் உள்ளே. கல்லுக்குப் பின்னால் மரப்பலகையில் குதிரை ஏறுவது போலக் கால் போட்டு உட்கார்ந்து, குனிந்து வேலை செய்திருக்கிறார்கள். கல்தூசும் இரும்புத்தூசும் நேராக நுரையீரலுக்கு. கத்திக்குத் தண்ணீர் விட்டுச் சாணை பிடித்ததால் கொஞ்சம் தாங்கினார்கள். முள்கரண்டிக்கு உலர்ந்த கல். அந்த வேலைக்குப் போனவர்களில் நாற்பதைப் பார்த்தவர்கள் குறைவு. ஷெஃபீல்டு மருத்துவர் கால்வர்ட் ஹாலண்டு 1840களிலேயே இதையெல்லாம் புத்தகமாக எழுதி வைத்தார். மெருகு போடும் வேலை பெண்களுடையது. உடம்பெல்லாம் கரி அப்பாமல் இருக்கப் பழுப்புக் காகிதத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

இவர்கள் பெயரைக் கத்தியில் காண்பது அரிது. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஹாலம்ஷயர் கத்திக்காரர் சங்கம் அமைந்தபோது சங்கத்துக் கத்திக்காரர்கள் ஆளுக்கொரு முத்திரை பதிந்தார்கள். முத்திரை இருந்தால் மட்டமான சரக்கு யாருடையது என்று பிடித்துவிடலாம். பிறகு அந்த முத்திரையே காசானது. ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் உலகெங்கும் விலைபோயின. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு அந்தக் கம்பெனி அனுப்பிய நார்ஃபோக் கத்தியில் 75 அலகுகளும் கருவிகளும். அடித்தவர், சாணை பிடித்தவர், முத்துச்சிப்பி செதுக்கியவர் என்று எத்தனை கைகள் பட்டிருக்கும்! புகழ் போனது ராட்ஜர்ஸுக்கு. பெயரின் மதிப்பைப் பார்த்து ஜெர்மன்காரர்கள் தங்கள் கத்திகளில் ஷெஃபீல்டு என்று பொறித்தபோது இந்த ஊர் முதலாளிகள் கொதித்தெழுந்து, 1887இல் வணிகக் குறிச் சட்டம் வரக் காரணமானார்கள். சொந்த ஊர்ச் சாணைக்காரரின் பெயர் இல்லாதது அவர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை.

ஷெஃபீல்டுக் கத்திக்காரர் ஸ்டான் ஷா இதற்கு விதிவிலக்கு. பதினான்கு வயதில் இபர்சன் கம்பெனியில் சேர்ந்து, பல கம்பெனிகளின் பெயருக்குக் கத்தி செய்துவிட்டு, பிற்காலத்தில்தான் தன் பெயரை அலகில் பொறித்தார். 2021இல், தொண்ணூறு கடந்து அவர் இறந்தபோது இங்கிலாந்துப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. அவர் கம்பெனிகளுக்குச் செய்த கத்திகள் இன்றும் பழைய சாமான் சந்தையில் வேறு பெயரோடு கிடக்கலாம். சேகரிப்பவர்கள் பூதக்கண்ணாடியோடு அலைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில்தான், கத்திக்காரரும் கம்பெனியும் சேர்ந்து செய்யும் கூட்டுக்கத்தி எனக்குப் பிடிக்கிறது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் டோனி போஸ் என்றொரு கத்திக்காரர் இருந்தார் (வங்காளி இல்லை). அவர் தனியாகச் செய்த மடக்குக்கத்தி நம்மைப் போன்றவர் கைக்கு எட்டாது. பென்சில்வேனியாவில் இருக்கும் கேஸ் கம்பெனியோடு அவர் கை கோத்தார். வடிவமும் அளவும் எப்படிப் பொருந்த வேண்டும் என்ற கண்டிப்பும் போஸுடையவை. இயந்திரமும் ஆட்களும் கேஸுடையவை. வந்த கத்திகளை வாங்குகிறவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொன்னார்கள். அதில் வியாபார தந்திரம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரே பெயரைப் பொறித்து மற்றவரை மறைப்பதைவிட இது யோக்கியமான ஏற்பாடு. சேகரிப்பவர்களில் ஒரு சாரார் இதை மட்டம் தட்டுவார்கள், ஒருவர் கைபட்ட கத்திதான் அசல் என்பார்கள். அவர்களில் பலர் வாங்கிய கத்தியால் ஒரு ஆப்பிளைக்கூட நறுக்கியதில்லை.

பட்டறைச் சுவரில் வில் துரப்பணம் ஒன்று தொங்கியது. ஊரில் ஆசாரிகளிடம் பார்த்த அதே சங்கதி. இங்கே அதை மார்பில் ஒரு தகட்டைக் கட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிடியில் பெயர்த்தகடு பதிக்கும் குழியைக் குடையப் பயன்படுத்தினார்கள். அதற்குக் கீழே இருந்த பழைய டின்னைத் திறந்து அவர் கவிழ்த்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று கொட்டியது. கடமான் கொம்புத் துண்டுகள். வெளிப்புறம் மரப்பட்டை மாதிரி முண்டும் வரியுமாக, ஓரங்களில் தேன் நிறம்.

ஷெஃபீல்டின் பேர்போன மான்கொம்புப் பிடிகளுக்குப் பெரும்பாலும் இந்தியக் கடமான்தான் ஆதாரமாக இருந்தது. கொம்பு ஆண்டுதோறும் தானாக உதிர்வது, மிருகத்தைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் உதிர்ந்தது எது, வேட்டையில் அறுத்தது எது என்று மூட்டையைப் பார்த்து யார் சொல்ல முடியும்? 1990களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. அன்றிலிருந்து கையிருப்பில் ஓட்டுகிறார்கள். ஸ்காட்லாந்து மான் கொம்பு நடுவில் சோறு பிடித்தது, மெல்லியதாக அறுத்தால் பொக்கு தெரிந்துவிடும் என்று குறைப்பட்டார். உயிரோடு கடமானைப் பார்த்திருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். முதுமலையில் சாலையோரம் பார்த்திருக்கிறேன், வாழைத்தோலுக்காகக் காரிடம் வந்து நின்றது என்றேன். அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும்.

தடை சரிதான் என்பது என் கட்சி. அதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, டின்னை மட்டும் மூடினார்.

நானும் ஒரு கத்திக்குச் சொல்லி வைத்தேன். ஆட்டுக்கால் என்று இங்கே அழைக்கிற வடிவம், வெட்டும் விளிம்பு நேர்க்கோடாக இருக்கும். இங்கே தோட்டக்காரர்களும் கூலிக்காரர்களும் வைத்திருந்த சாதாரணக் கத்தி அது. நம்மூர் வனவிலங்குச் சட்டத்தை நினைத்துக் கொம்புப் பிடி வேண்டாம், கருங்காலி போதும் என்றேன். அலகு வெட்டித் தருகிறவர், பதம் ஏற்றுகிறவர் பெயர்களையும் பொறிக்க முடியுமா என்று கேட்டேன். அலகின் அடியை விரலால் அளந்து காட்டினார். இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. வேண்டுமானால் பில்லில் எழுதித் தருகிறேன் என்றார்.

முன்பணம் எடுத்தேன். கையை மறித்துவிட்டார். "வாங்கிட்டேன்னா சொன்ன தேதிக்கு முடிக்கணும்."