தளிருக்கு வழிவிடும் சருகு

ஐரோப்பியத் தோட்டங்களில் அழகுக்காகவும் உயிர்வேலியாகவும் வளர்க்கப்படும் மரம் ஹார்ன்பீம். கொம்பைப் போல் உறுதியான மரம் என்பது அப்பெயரின் பொருள். முற்காலத்தில் மாவு ஆலைகளின் சக்கரப் பற்களை இம்மரத்தால் செய்தனர். தன்போக்கில் விட்டால் 20 மீட்டருக்கு மேலும் உயரக்கூடும். கத்தரிக்கக் கத்தரிக்கத் தழைத்து, பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் பசுஞ்சுவராகவும் நிற்கும்.

இது இலையுதிர் மரமே. எனினும், கத்தரித்து வளர்க்கும் வேலியிலும் இளமரத்திலும் ஒரு விந்தை உண்டு. பழுத்துக் காய்ந்த இலைகளுள் பல உடனே விழுவதில்லை. குளிர்காலம் முழுதும் பனியிலும் காற்றிலும் சலசலத்தபடி கிளையிலேயே தங்குகின்றன. வசந்தத்தில் மொட்டுகள் விரியத் தொடங்கும்போது உதிர்ந்து, புதுத்தளிருக்கு வழிவிடுகின்றன.

வெள்ளரிக்கனி காம்பினின்று விடுபடுவதுபோல் மரணப் பிணிப்பினின்று விடுபட, முக்கண்ணனிடம் வேண்டுகிறது மிருத்யுஞ்ஜய மந்திரம். அதை நாள்தோறும் ஜபிக்கும் முதியவருக்கும் பீரோச் சாவியை மருமகளிடம் கொடுக்கக் கை எளிதில் வருவதில்லை. வரவுசெலவை மகனிடம் ஒப்படைக்க மனம் துணிவதில்லை. தவறு செய்துவிடுவார்களோ என்ற அச்சம், தாம் வேண்டாதவராகிவிடுவோமோ என்ற அதனினும் பெரிய அச்சம்.

குளிர் நீங்கும்வரை கிளையில் இருப்பதில் குற்றமில்லை. மொட்டு விரிந்தபின்னும் பற்றி நிற்பதே பிணிப்பு. பேத்தி பூஜையறையில் விளக்கேற்ற வரும்போது, திரியைத் தூண்டும் கை தானே விலகி நிற்கும் பக்குவத்தை ஈசன் அருள்வானாக.