ஹார்ட்லிபூலில் மிதக்கும் திருகோணமலை

இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் லண்டனோடு திரும்பிவிடுவார்கள். பாய்மரக் கப்பல் கதைகளில் மனதைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் கொஞ்சம் வடக்கே போக வேண்டும். நியூகாசலிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஹார்ட்லிபூல் வந்துவிடும். அங்குள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் மூன்று பாய்மரங்களோடு ஒரு போர்க்கப்பல் மிதக்கிறது. பெயர் 'டிரிங்கோமலி'. ஆம், திருகோணமலைதான்! ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆகிவிட்டது.

கடல் சாகசம் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சாண்டில்யனின் 'கடல் புறா'. அதில் வரும் கடாரம் நம் கெடா என்பதால் ஒரு தனி நெருக்கம். அந்த ருசிதான் என்னைப் பேட்ரிக் ஓ'பிரையனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையைக் களமாக்கி, 1969 முதல் 20 நாவல்களை எழுதி முடித்தவர் அவர். கேப்டன் ஜாக் ஆப்ரியும் கப்பல் மருத்துவர் ஸ்டீஃபன் மட்டூரினும்தான் நாயகர்கள். 2003-இல் வந்த 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' படம் இவர்களுடைய கதையே. மருத்துவருக்குக் கயிறும் பாயும் பிடிபடாது. அவருக்கு மற்றவர்கள் விளக்கும் சாக்கில் நமக்கும் புரிந்துவிடும்.

ஆனாலும் படிக்கும்போது ஒரு நெருடல் இருந்துகொண்டே இருக்கும். நம் முன்னோர்களை ஆண்ட பேரரசுக்குக் காவல் நின்ற கடற்படை அல்லவா இது? அது வென்றால் நான் ஏன் மகிழ வேண்டும்? இந்தக் கேள்வியோடுதான் கப்பலில் ஏறினேன்.

கீழ்த்தளங்களில் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்க முடிகிறது. அந்தக் காலத்தில் ஒரு மாலுமியின் தொங்கு படுக்கைக்கு ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். ஒரு முழம்கூட இல்லை! நாவலில் வெறும் எண்ணாகக் கடந்துபோனது, அங்கே நிற்கும்போது மூச்சை முட்டியது.

இந்தக் கப்பல் பிறந்த இடம் இங்கிலாந்து அல்ல, பம்பாய். தொடர்ந்து நடந்த போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி நிபுணரின் பொறுப்பில், மலபார் தேக்கில் கட்டினார்கள். 1817 அக்டோபர் 12-இல் கப்பல் நீரில் இறங்கியது. ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ அவற்றைக் காக்கும். நெல்சனின் 'விக்டரி' இன்று உலர்துறையில் நிற்கிறது. இன்னும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது இந்தப் பம்பாய்க் கப்பல்தான்.

கதைக்கும் கப்பலுக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. கப்பலின் வரைபடங்களை 1812-இல் 'ஜாவா' என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' அதை மடக்கி, வீழ்த்தி, எரித்துவிட்டது. வரைபடங்களை மறுபடியும் அனுப்ப வேண்டியதாயிற்று. இதே சண்டையைத்தான் ஓ'பிரையன் 1979-இல் வந்த 'தி ஃபார்ச்சூன் ஆஃப் வார்' நாவலில் எழுதினார். ஜாக் ஆப்ரி அந்த ஜாவாவில் பயணி. கான்ஸ்டிடியூஷன் இன்றும் பாஸ்டன் நகரில் மிதக்கிறது. டிரிங்கோமலி இங்கே மிதக்கிறது. கற்பனை என்று நாம் ரசித்ததன் இரு கரைகளும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

டிரிங்கோமலி நீரில் இறங்குவதற்குள் நெப்போலியன் போர்களே முடிந்துவிட்டன. பெரிய கடற்போர் எதையும் அது பார்க்கவில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தளத்தில் நின்றபோது வெற்றி தோல்வியைவிட மரமும் கயிறும் ஆணியுமே கண்ணில் பட்டன. அவற்றுக்குப் பின்னால் எத்தனை தச்சர்கள், மரம் அறுத்தவர்கள், சுமந்தவர்கள்! நாவலின் நாயகர்கள் கேப்டன்கள்தான். ஆனால் அவர்கள் நிற்கும் பலகையில் ஆசியாவின் உழைப்பும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் யார் வென்றாலும் நம் பங்கு கதையை விட்டுப் போகாது.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஜாவா சண்டை வரும் அத்தியாயங்களைப் படித்துவிட்டுப் போங்கள். பீரங்கித் தளத்தில் கால் வைத்ததும் புத்தகம் தானாகவே மனதில் விரியும். பிள்ளைகளோடு போனால் கப்பலின் பெயரை ஒருமுறை தமிழில் சொல்லிக்காட்டுங்கள்.