தொடைச் சதையே கவசம்

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு ஹீமோஃபிலியா ஏ. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஃபாக்டர் 8 என்ற சத்து அவன் உடம்பில் போதிய அளவு ஊறுவதில்லை. அடிபட்டால் மற்றப் பிள்ளைகளைவிட வேகமாக ரத்தம் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நிற்க நெடுநேரம் ஆகும். வெளிக்காயத்தைவிட முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள்ளே கசிவதுதான் பெரிய தொல்லை.

பெரும்பாலும் தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருகிற நோய் இது. என் மனைவியின் தம்பி சிறு வயதில், பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமலே போய்ச் சேர்ந்தான். அந்த நோயின் பெயர்கூட அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் பேரன் எழுந்து ஓடினாலே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். "உட்காருடா கண்ணு, ஆடாம இரு" என்பாள். அவள் பயத்தை யார் குறை சொல்ல முடியும்?

போன வருஷம் பேரனுக்கு இடது முழங்காலில் இரண்டு முறை கசிந்தது. பிசியோதெரபி பார்க்கும் அம்மா நாடாவை வைத்து இரண்டு தொடைகளையும் அளந்தார். இடது தொடை சூம்பியிருந்தது. "ஐயா, அசையாம வச்சா சதை இளைக்கும். சதை இளைச்சா மூட்டைப் பிடிச்சுக்க ஆளில்லை. லேசாத் திரும்பினாலே மறுபடி கசியும்" என்றார்.

உடனே, பிரெஞ்சில் படித்த ஒரு புத்தகம் நினைவுக்கு வந்தது. ரஷ்ய சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலாவின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஸ்விஸ்காரர் பியேர் ஜில்யார் 1921இல் வெளியிட்ட நினைவுகள். இளவரசன் அலெக்ஸிக்கும் ஹீமோஃபிலியாதான். அவன் விழாமல் பார்த்துக்கொள்ள எந்நேரமும் கடற்படைச் சிப்பாய்கள் பின்னாலேயே நிற்பார்கள். இப்படிக் காவல் போட்டால் பையன் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளப் பழகமாட்டான் என்று ஜில்யார் சொல்ல, பெற்றோரும் ஒப்புக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் பாடவேளையிலேயே பையன் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்து, முழங்கால் அடிபட்டு, வலியில் துடித்தான். ஆனாலும் பெற்றோர் வாத்தியாரைக் கடிந்துகொள்ளவில்லை. கொடுத்த சுதந்திரத்தைப் பிடுங்கிக்கொள்ளவுமில்லை.

அந்தக் காலத்தில் ஃபாக்டர் ஊசி கிடையாது. அப்படியிருந்தும் அந்தப் பெற்றோருக்கு அந்தத் துணிவு இருந்தது. இன்று ஊசி இருக்கிறது. ஊசி போட்ட நாளில் கொஞ்சம் கூடுதலாகவே ஓடியாடலாம் என்கிறார்கள்.

பேரனின் பயிற்சி எளிமையானது. மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணி விடவேண்டும். பிறகு காலை நீட்டியபடியே தூக்குவது, குதிகாலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் நிற்பது. நான் பக்கத்தில் உட்கார்ந்து "அன், த்யோ, த்ருவா" என்று எண்ணுவேன். அவனுக்குச் சிரிப்பு வரும். நீச்சலும் சைக்கிளும் நல்லது. கபடி, குத்துச்சண்டை போல மோதும் ஆட்டம் கூடாது.

தை மாதத்தில் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தவனுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. "பார்த்தீங்களா?" என்றாள் மனைவி. எனக்குப் பதில் வரவில்லை. மகள்தான் பதற்றமில்லாமல் ஊசிக்கு அழைத்துப் போனாள். பிறகு ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், தலையணைமேல் கால். வீக்கமும் வலியும் வடிந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, "அம்மா, நாளையிலேருந்து பயிற்சி" என்று மகள் சொல்லிவிட்டாள். மனைவி இன்னும் சம்மதித்தபாடில்லை. ஆனால் தடுப்பதுமில்லை. இப்போது இடது தொடை வலது தொடைக்குக் கிட்டத்தட்ட சமமாக வந்திருக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டில் இருந்து, மூட்டு வீங்கினால், எண்ணெய் போட்டு நீவாதீர்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், ஆஸ்பிரின் தராதீர்கள். முதலில் ஃபாக்டர் ஊசி. வீக்கம் வடிந்ததும், எந்தப் பயிற்சி, எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு குழந்தையை அசைய விடுங்கள். பயம் நம்முடையது, கால் அவனுடையது.