உள்ளே பழைய ஆள்

நாற்பது தாண்டினால் வேகம் குறைய வேண்டும் என்பாள் என் மனைவி. எனக்கோ, என் பழைய 346 சி.சி. புல்லட்டை 500 ஆக்கிப் பார்க்க வேண்டுமென்ற பித்துப் பிடித்தது. ஒரு டீலர் (பெயர் வேண்டாம்) புதுச் சிலிண்டர், புதுப் பிஸ்டன் என்று நீளமாகப் பில் எழுதினார். ஒரு நாவலின் ராயல்டி முழுவதும் அதில் கரைந்தது. வண்டி வந்தது. சத்தம் என்னவோ 500தான். ஓட்டம் பழைய 346!

நொச்சிக்குப்பத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஓர் இளைஞனிடம் கொண்டு போனேன். காய்கிற வலைகளுக்கும் நெத்திலிக்கும் நடுவே சாக்கை விரித்து, எஞ்சினின் தலையைக் கழற்றி, வெர்னியரை வைத்து அளந்தான். 500 என்றால் சிலிண்டரின் வாய் 84 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருந்தது 70.

"மேலே பெயிண்ட்தான் புச்சு, சார். உள்ளே பழைய ஆளுதான் கீறான்."

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறேன், பத்திரிகையில் எழுதுகிறேன் என்று மணலில் நின்று குதித்தேன். அவன் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஆர்.சி. புக்குல இன்னா சார் போட்டுக்குது?"

"346."

எஞ்சினை இஷ்டம்போல் மாற்றக் கூடாதென்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு இருக்கிறது. அது தெரிந்தேதான் ஆசைப்பட்டேன்.

"அப்போ புக்கு பிரகாரம் வண்டி கரீட்டாத்தானே கீது!" என்றான்.